பாதி மாத்திரை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, மூச்சு நன்றாக வருகிறதா என்று கேட்கிறேன். போனை நீ எடுப்பதில்லை, அதனால் தபால்காரரைப் பிடித்திருக்கிறேன். இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் திரும்பி வரவில்லை. உன் கையில்தான் இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கண்ணாடிக் கடையில் எப்போதும்போல லென்ஸ் தேய்க்கிறேன். வீட்டில் பேச ஆள் இல்லை. கெட்டில் சீறினால், "வரேன் இரு" என்று அதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். உன் கட்டிலில் இஸ்திரி போட வேண்டிய துணி கிடக்கிறது. நீ இருந்தால் என்னைத் துவைத்துக் காயப்போட்டிருப்பாய்.

ஒரு வருஷமாகிறது, அந்தக் காலையை நினைக்காத நாள் இல்லை. ரயில் நிலைய அறிவிப்பாளர் வேலைக்கு உனக்குக் குரல் தேர்வு. செருப்பு மாட்டும்போதே உன் விரல்கள் நடுங்கின. "என்னோட தலைவலி மாத்திரை படபடப்புக்கும் கேக்குமாம். பாதி போட்டுக்கிறியா?" என்றேன். எதுவானாலும் நமக்குப் பாதிப் பாதிதானே. வெட்டுவது ஒருத்தி, முதலில் எடுப்பது மற்றவள் என்பது அம்மா வைத்த சட்டம். கத்தி கொண்டுவந்து மாத்திரையை வெட்டி, உள்ளங்கையில் நீட்டினேன். நீ ஒரு பாதியை எடுத்தாய்.

டாக்டர் அந்த மாத்திரையை எனக்கு எழுதும் முன் கேட்ட முதல் கேள்வியே, "ஆஸ்துமா உண்டா?" என்பதுதான். இல்லை என்றேன். எனக்கு இல்லை, உனக்கு உண்டே அக்கா! பன்னிரண்டு வருஷமாக உனக்கு இழுப்பு வராததால் மறந்தே போனேன். மைக்கின் முன்னால், பாதி அறிவிப்பில் மூச்சுக்குழாய் இறுகி நீ விழுந்தாய் என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் வாலு

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

இன்றும் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பரவாயில்லை.

ஒரு முடிவு எடுத்தேன். போன வெள்ளிக்கிழமை அந்த மாத்திரைப் பட்டைகளை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன். உன்னை விழ வைத்த மருந்து எனக்கு மட்டும் சுகம் தரக் கூடாது. ஒற்றைத் தலைவலி திரும்ப வந்துவிட்டது. நெஞ்சு வேறு, சும்மா உட்கார்ந்திருந்தாலும் தடதடக்கிறது. நேற்று கை நடுங்கி ஒரு லென்ஸை உடைத்தேன். வேண்டும், எனக்கு நன்றாக வேண்டும்.

வாலு

மார்ச் 6

அடி கழுதை,

கடிதம் கிடைத்ததும் உன் முதலாளிக்குப் போன் செய்து, உன்னைத் தரதரவென்று இழுத்தாவது டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். உன்னிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ரயில்வே பார்சல் ஆபீஸுக்கு எதிரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாளிடம் ஓடி, உன் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். "பீட்டா பிளாக்கரா? ஒரேயடியா விடக் கூடாதும்மா. அதுவரைக்கும் அடக்கி வச்ச இதயம் துள்ளும், பிரஷர் ஏறும். நெஞ்சு நோவு உள்ளவங்களுக்கு உயிருக்கே ஆபத்து. நிறுத்தணும்னா டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். மறுபடி தொடங்கறதையும் அவர்தான் சொல்லணும்" என்றார். அதன்படியே நட. தினமும் காலையில் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ணு. மருந்து தொடங்கியபின் ஐம்பதுக்குக் கீழே இறங்கினாலோ, தலை சுற்றினாலோ டாக்டரிடம் ஓடு. எண்ணியதை எனக்கு எழுது.

இப்போது மற்றது. நீ மறந்தது உண்மை. நான் மறக்கவில்லை.

நீ கத்தி எடுக்க உள்ளே போனாய். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். ஆஸ்துமா உள்ளவர்கள் உட்கொள்ளக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. நீ வருவதற்குள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் வராதது அரை மாத்திரைக்கா வரப்போகிறது என்று நினைத்தேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, "நான்தான், எல்லாம் என்னாலதான்" என்று என் காலடியில் நீ அழுதுகொண்டிருந்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. பழியை நீயே எடுத்துக்கொண்டது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதைத் தாங்காமல்தான் இந்த ஊருக்கு வேலை தேடிக்கொண்டு ஓடி வந்தேன். இங்கே பார்சலுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டு, வேறு ஒருத்தி குரலில் ரயில் வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். வெட்டியது நீ. தெரிந்தே எடுத்தது நான்.

அக்கா

மார்ச் 23

என் அன்பு வாலு,

உன் டாக்டர் குறைந்த அளவில் மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறாராம். முதலாளி சொன்னார். நீ என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பதையும், பாவம், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

தபால் வரும் நேரத்துக்கு ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறேன். தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார். நான்கு கடிதங்களை உறை பிரித்துப் படித்துவிட்டுப் பதில் போடாதவளுக்கு இது வேண்டும்தான். நீ எப்படி ஒரு வருஷம் இருந்தாயோ தெரியவில்லை. எனக்குப் பதினேழு நாளே தாங்கவில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. நாடி மட்டும் எழுது. எண் போதும்.

உன் அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

தாளை முழுதும் படித்தேன். உன் வியர்வை பட்டு மடிப்பில் எழுத்து அழிந்திருக்கிறது. எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாய் என்று தெரிகிறது. ஆனாலும் ஒரு வருஷம், அக்கா. "நான் உன்னைக் கொல்லப் பார்த்தேன்" என்று உன் காலிக் கட்டிலிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது வர வேண்டாம். போனும் செய்யாதே. என்னால் உன்னிடம் பேச முடியாது.

இன்று காலை ஏழு மணி. நாடி அறுபத்தெட்டு.