கிராணியார் எழுதிய என் பாடம்

12 பிப்ரவரி 1979
முதல் பாடம் வந்துவிட்டது. கோலாலம்பூரில் ஒரு தபால் கல்லூரி. முறை இதுதான்: அவர்கள் பாடம் அனுப்புவார்கள், நான் விடை எழுதி அனுப்பணும், முகம் தெரியாத வாத்தியார் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஈப்போவில் நேர் வகுப்பு.

அம்மா கேட்டாள்: "அடிக்க ஆள் இல்லாம எப்படிடீ படிப்பு ஏறும்?"

மூன்றாம் பாரப் பரீட்சையில் ஆங்கிலம் மட்டும் பாக்கி. பாஸானால்தான் ஆஸ்பத்திரி உதவித் தாதி பயிற்சிக்கு மனு போடலாம். அடுத்த வருஷம் இருபத்தஞ்சு. அதோடு வயசு வரம்பும் முடிஞ்சுது.

20 பிப்ரவரி
ஆயாக் கொட்டகையில் நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் பதினொண்ணு. ஒன்பது தூங்கியபோது விடை எழுதினேன். மீதி ரெண்டும் உதவி செய்தன. ஒரு பக்கம் ஈரம்.

எங்க ரப்பர் தோட்டத்துத் தபால் எல்லாம் ஆபீஸ் வழிதான். ஆபீஸ் கணக்கும் கடிதமும் எழுதும் பெரிய கிராணி ஸ்கந்தராஜா ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், வாங்கிப் பார்த்தார். "இது இப்பிடிப் போகேலாது பிள்ளை. நான் டைப் அடிச்சு அனுப்பிறன்." நல்ல மனுஷன்லா.

19 மார்ச்
86!

23 ஏப்ரல்
91. பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிட்டாங்க. நடக்கும்போது தலை கொஞ்சம் மேலேயே இருந்தது. ஒத்துக்கிறேன்.

13 மே
ஈப்போ. வாத்தியார் வந்த உடனே சின்னத் தேர்வு வைத்தார். எனக்கு 28.

என் பழைய விடைத்தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இன்றைய தாளைத் தொட்டார். "இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"அப்ப இது?"

டைப் அடித்த தாளை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். இதுவரை மார்க்கை மட்டும்தான் பார்த்திருக்கேன். ஒரு வரிகூட என்னோடது இல்ல.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்துச் சீனக் கிழவி ஆரஞ்சு கொடுத்தாள். தின்றேன்.

14 மே
நேரே ஆபீஸ். "ஏன் ஐயா இப்படிப் பண்ணீங்க? மூணு மாசம் போச்சே! பரீட்சையும் நீங்களே வந்து எழுதுவீங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருவத்தாறு வருசமா இந்த ஒப்பீசிலயிருந்து ஒரு கடிதம் பிழையோட போனதில்லை, பிள்ளை. கை தானாத் திருத்திப்போட்டுது."

பொய் சொல்லல. அதுதான் இன்னும் எரிச்சல்.

2 ஜூன்
சைக்கிளில் சித்தியவான் டவுனுக்குப் போய் அடுத்த விடையை நானே தபாலில் போட்டேன். என் கையெழுத்திலேயே.

25 ஜூன்
34. தாள் முழுக்கச் சிவப்பு. அம்மா எட்டிப் பார்த்தாள்: "என்னடீ, வெத்தலை துப்பி அனுப்பியிருக்கான்?"

6 ஆகஸ்ட்
43. இப்போ சிவப்பைத்தான் முதலில் படிக்கிறேன்.

17 செப்டம்பர்
52.

24 அக்டோபர்
பரீட்சை முடிந்தது. கேட்காதே.

8 ஜனவரி 1980
பாஸ். மட்டமான பாஸ்தான். அம்மா கோழி அடிச்சா.

21 ஜனவரி
பயிற்சி மனுவுக்குத் தோட்ட முத்திரை வேணும். கிராணியார் ரெண்டு பக்கத்தையும் படித்தார்.

"ஒரு பிழை இருக்கு."

பென்சிலை எடுத்தார். என்னைப் பார்த்தார். டிராயருக்குள் போட்டு மூடினார். "எங்கயெண்டு நான் சொல்லமாட்டன்."

நின்றபடியே நாலு தடவை படித்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. ரெண்டு பேரும் நகரவில்லை. பிறந்த வருஷம் கேட்ட இடத்தில் 1980 என்று எழுதியிருக்கேன். அடித்துவிட்டு மேலே 1955 போட்டேன்.

"அடிச்ச இடம் வடிவாயில்லை, பிள்ளை. புதுசா ஒண்டு..."

"இருக்கட்டும் ஐயா."

அந்த அடித்தலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.