மெத்தில் எதோடு ஒட்டுகிறது

ஐப்பசி 9, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். வரட்டி பாதி நனைந்து போச்சு. அடுப்படி முழுக்கப் புகை. முட்டி இரண்டும் மடக்க முடியவில்லை.

பேத்தி கலா தைலம் தேய்த்துவிட்டாள். பதினொண்ணாவது, சயின்ஸ் குரூப். எங்கள் தெருவில் இதற்கு முன்னே எந்தப் பெண்ணும் அதில் சேர்ந்ததில்லை. என் நோட்டு, என் பேத்தி. பெருமையாக எழுதினால் யார் கேட்பது.

தேய்த்துக்கொண்டே பாடம் ஒப்பித்தாள். மெத்தில், எத்தில் என்று. பயிருக்கு அடிக்கிற மருந்து டின்னில், மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே அந்தப் பேர்தான் இருக்கிறது. போன போகத்தில் அவளே படித்துக் காட்டினாள். அப்போ மெத்தில் என்றால் விஷம்தானே என்றேன். சிரித்தாள்.

"உன் முட்டியில தேய்க்கிறனே ஆயா, இதுலயும் மெத்தில் கீது."

காலை இழுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது, மறப்பதற்குள்: மெத்தில் தனியாக ஒரு பொருள் இல்லை. ஒரு கரி, அதோடு மூன்று ஹைட்ரஜன். தனியாக நிற்காது, எதோடாவது ஒட்டிக்கொள்ளும். எதோடு ஒட்டுதோ அதை வைத்துத்தான் குணம். தைலத்தில் ஒட்டினால் வலி போகும். பூச்சி மருந்தில் ஒட்டினால் பூச்சி போகும். ஆல்கஹாலில் எத்தில் இருந்தால் சாராயம். அதே இடத்தில் மெத்தில் வந்தால், ஒரு கரிதான் குறைச்சல், குடித்தவனுக்குக் கண் போய்விடும். உயிரும் போகும்.

சாராயம் குடித்தால் குடும்பம் போகுதே, அது புத்தகத்தில் இல்லையா என்றேன். அது வேற பாடம் ஆயா என்றாள்.

இங்கிலீஷில் எழுதிக் காட்டச் சொன்னேன். ஆறு எழுத்து. முதலாவது இரட்டை மலை. அஞ்சாவது கவட்டை. நானும் பத்து தரம் எழுதிப் பார்த்தேன். அஞ்சாம் வகுப்புக்கு அப்புறம் இன்றைக்குத்தான் புது எழுத்து.

ஐப்பசி 11, சனி

மழை விட்டது. வெயில் இல்லை.

என் வீட்டுக்காரரின் அண்ணன், இந்த வீட்டுப் பெரியவருக்கு நேற்றிலிருந்து கஞ்சித் தண்ணி கூட இறங்கவில்லை. ஆள் தெரியவில்லை. காஞ்சிபுரத்தில் இருக்கிற மகளுக்குச் சொல்லி அனுப்பியாச்சு.

வேண்டியது: கோடித்துணி. நல்லெண்ணெய். வைக்கோல். பச்சை மட்டை. அரிசி மூட்டை கீழே இறக்கணும்.

மேளக்காரர்கள் விஷயம். சாவு விழுந்தால் மேளம் அடிக்கிறவர்களுக்கும் குழி வெட்டுகிறவர்களுக்கும் சாவு வீட்டிலிருந்துதான் சரக்கு தரணும். என் மாமனாருக்கும் அப்படித்தான். கொடுக்காத வீட்டை வருஷக் கணக்கில் பேசுவார்கள். இப்போ போலீஸ் கெடுபிடி. ஏரிக்கரையில் கூட சொட்டு கிடையாதாம். என் பையன் ஏகாம்பரம், கலாவின் அப்பன், ஏற்பாடு பண்ணிவிட்டேன் என்கிறான். எங்கேடா என்றால் சொல்லவில்லை. "உனுக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்."

கறுப்பு ஆடு குட்டி போட்டிருக்கு. ரெண்டும் கெடா.

ஐப்பசி 12, ஞாயிறு

விடிகாலையில் பெரியவர் போய்விட்டார். கஷ்டப்படவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர். அழ நேரம் கிடைக்கவில்லை.

வைக்கோல் எடுக்க மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு டின், சாக்கு போட்டு மூடி. திருப்பினேன். இரட்டை மலை. அஞ்சாவது கவட்டை. பக்கத்தில் இன்னொரு வார்த்தை, எனக்குத் தெரியாதது. கலாவைக் கூப்பிட்டேன். படித்தாள். மெத்தில் ஆல்கஹாலே தானாம். பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருப்பது.

ஏகாம்பரத்தைக் கொட்டகைக்கே வரச் சொன்னேன். பாலிஷ் கடை ஆள் கொடுத்தானாம். தண்ணி கலந்து எலுமிச்சம்பழம் பிழிந்தால் வித்தியாசமே தெரியாதாம். கொட்டு என்றேன். பந்தல் முழுக்க ஜனம், கன்னியப்பனும் மற்ற மேளக்காரர்களும் வந்து உட்கார்ந்தாச்சு, வெறும் கையோடு அனுப்பினால் மானம் போகும் என்றான். ஆயாவும் பேத்தியும் எப்போ டாக்டருக்குப் படிச்சீங்க என்றான். கடைசியில்,

"அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்மா. ஒண்ணும் ஆவாது."

அதுவரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை.

பித்தளை டம்ளரில் ஊற்றினேன். சாராயம் மாதிரியேதான் வாடை. அவன் முன்னால் வைத்தேன்.

"நீ குடி மொதல்ல. உன் பெரியப்பன் சாவு. ஒரு டம்ளர்."

டம்ளரைப் பார்த்தான். கை வைக்கவில்லை.

"அப்ப கன்னியப்பனுக்கு மட்டும் இன்னா, வேற கண்ணா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மேளக்காரர்களிடம் வீட்டுப் பொம்பளை போய்ப் பேசுகிற வழக்கம் இல்லை. போனேன். அவர்களில் மூத்தவன் கன்னியப்பன். இந்த வீட்டில் இன்றைக்குச் சரக்கு கிடையாது என்றேன். கிண்டலாக, "சரக்கு இல்லாத சாவுக்கு மேளம் கூட அழுவாதும்மா" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். டின்னில் என்ன இருந்தது, யார் வாங்கியது, குடித்தால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"சின்னவரு குடிச்சாரா?"

ஏகாம்பரத்தைத்தான் கேட்டான். இல்லை என்றேன்.

அப்புறம் வைக்கோலைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்ச ஆரம்பித்தான். பெரியவர் மேளத்தோடுதான் போனார்.

ஐப்பசி 13, திங்கள்

வெயில். வீடு முழுக்கக் கழுவி விட்டாச்சு.

டின்னைக் கொல்லைக் கோடியில் குழி தோண்டிக் கொட்டினோம். பக்கத்தில் நெருப்பு கூடாது, ஆடு மேயக் கூடாது, கலா உத்தரவு. குட்டிகளைக் கட்டி வைத்தேன்.

மருமகள் முகம் திருப்பிக்கொள்கிறாள். புருஷனைப் பறையர் முன்னால் காட்டிக்கொடுத்தேனாம். காட்டித்தான் கொடுத்தேன். ஏகாம்பரம் நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சாப்பாடும் இல்லை.

இப்போது வந்தான். வாசற்படியிலேயே நின்றான். என்னைப் பார்க்காமல், "அந்த பாலிஷ் கடை ஆளு கிட்ட ரெண்டு டின் இருந்திச்சும்மா" என்றான். இன்னொன்றை ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் இவன் சிநேகிதன் வாங்கிப் போயிருக்கிறான். அவன் அப்பன் காரியத்துக்கு. காரியம் இன்றைக்கு.

வண்டி பூட்டுடா என்றேன். பூட்டிக்கினு கீறான், சத்தம் கேட்குது. கலாவும் வருகிறாள், படித்துக் காட்ட ஆள் வேணும். சாவுத் தீட்டோடு இன்னொரு வீட்டு வாசல் ஏறக் கூடாது. ஏறப் போகிறேன்.