கிளையை அவிழ்க்க மறந்த சாயங்காலம்

என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

நீங்கள் சுமந்த எஸ்டேட் தபால் பை இப்போது என் தோளில் தொங்குகிறது. மலையில் வேலை பார்க்கிற ஆட்களுக்கு வரும் கடிதம், காய்ச்சல் மாத்திரை, வெற்றிலை, புகையிலை எல்லாவற்றையும் நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஊரார் கடிதமெல்லாம் இந்தப் பைக்குள் அடங்குகிறது, உங்களுக்கு எழுதுவதை மட்டும் எந்தப் பையில் போட? அதனால் நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நான் வெட்கப்பட்டு நின்றதை நம் குரங்கணி ஊரே பார்த்தாகிவிட்டது, இனிமேல் மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதலில் வீட்டுச் சேதி. முத்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் இப்போது மத்தியானச் சோறு போடுகிறார்கள். சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடித்த கதையைத் தூங்கும்வரை சொல்கிறாள். ஒழுகுகிற கூரை ஓடுகளை நானே ஏறி மாற்றிவிட்டேன். "நாளைக்குப் பாப்பம் புள்ள" என்று எத்தனை மழையை ஓட்டினீர்கள் மச்சான்! இரண்டே ஓடுதான், ஒரு பொழுது வேலை.

காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகு, உங்கள் தபால் வேலையை எனக்கே கொடுத்தார் எஸ்டேட் மேனேஜர். எட்டாவது வரை படித்தவள், விலாசம் படிக்கத் தெரியும், போதும் என்றார். ஆனால் ஜீப் விடியலில் ஆட்களை ஏற்றிப் போனால் இருட்டிய பிறகுதான் இறங்குகிறது. காட்டுப் பாதையில் நடந்து இறங்கினாலும் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடுகிறது. அதுவரை பிள்ளை பூட்டிய கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் அப்படியே தூங்கிப் போயிருந்தாள், கன்னத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. இந்த வேலையை விட்டால் எங்களுக்கு வேறு கதியும் இல்லை. அன்றைக்குத்தான் சுவரோரம் தூசி படிந்து நின்ற உங்கள் சைக்கிளைப் பார்த்தேன்.

ஓட்டத் தெரியாதவளா நான்? கல்யாணமான புதிதில் ராசிங்காபுரம் களத்தில், விடியும் முன்னே எழுப்பிக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானே. "கீழ பாக்காத புள்ள, தூரமாப் பாரு" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தீர்கள். ஒருக்கா உங்கள் மலைப்பாதையிலும் என்னைக் கேரியரில் உட்காரவைத்து இறக்கினீர்கள். வழி நெடுக நான் அலற, நீங்கள் சிரிக்க, கோபத்தில் உங்கள் விலாவைக் கிள்ளியதில் நாலு நாள் கன்றிப் போயிருந்தது.

அந்தப் பாதையில் சைக்கிளில் இறங்கியது நீங்கள் ஒருத்தர்தான். மற்றவர்களுக்குக் கோவேறு கழுதை, இல்லாவிட்டால் சொந்தக் கால். அந்த இறக்கத்துக்கு எந்தப் பிரேக் கட்டையும் தாங்காது. அதனால் மேலே ஏலக்காட்டில் நிழல் மரம் கழித்துப் போட்ட கிளைகளில் இலை அடர்ந்த ஒன்றை எடுத்து, கேரியருக்குப் பின்னால் கயிற்றால் கட்டிவிடுவீர்கள். அது தரையில் இழுபட்டுச் சைக்கிளின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். சர்ரென்ற சத்தம் கேட்டதுமே கழுதைக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அடிவாரத்தில் கருத்தையா அண்ணன் டீக்கடையில் கிளையை அவிழ்த்துப் போடுவீர்கள். கிளை அவர் அடுப்புக்கு, டீ உங்களுக்கு. சத்தம் கேட்டதுமே அவர் டீயை ஆற்றத் தொடங்கிவிடுவார். சில நாள் நம் அடுப்புக்கென்று கிளையை வீடு வரைக்கும் இழுத்து வருவீர்கள், அந்தச் சத்தத்துக்கு முத்து வாசலுக்கு ஓடி வருவாள்.

போன வாரம் துணிந்துவிட்டேன். சைக்கிளை ஜீப்பின் தலையில் ஏற்றினேன். "யக்கா, நெசமாவா? எறங்குறப்ப சாமி பேரச் சொல்லிக்கிட்டே எறங்கு" என்றார் டிரைவர். கேலியா, கரிசனமா தெரியவில்லை. மேலே சோலியை முடித்து, புடவையை வாரிச் சொருகி, மலையில் எல்லாப் பொம்பளைகளும் போடுகிற மாதிரி மேலே ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டேன். உங்கள் காக்கிச் சட்டைதான். கிளையை நீங்கள் கட்டுகிற மாதிரியே இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.

முதலில் வருகிற சோலைக்காட்டுக்குள் எனக்கு உயிரே இல்லை மச்சான். எந்தக் காலத்து மரங்களோ, வேர் எல்லாம் பாதையில்தான் கிடக்கிறது. ஈரச் சருகு வழுக்குகிறது. பாதி தூரம் தள்ளிக்கொண்டேதான் வந்தேன். கெண்டைக்காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. "என்னத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று உங்களைத் திட்டித் தீர்த்தேன், கேட்டதா?

சோலை முடிந்து புல்மேடு வந்தது. அதற்குக் கீழே அந்த வெள்ளைக்கல் சரிவு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்குமே, அது. தூரத்தில் போடி டவுன் வெயிலில் கிடந்தது. கீழே பார்க்காமல் தூரமாகப் பார்த்தேன். பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன்.

அடிவயிறு கூசிக் குபுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. காற்றில் கொண்டை அவிழ்ந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பின்னால் கிளை சரசரவென்று இழுபட, பைத்தியக்காரி மாதிரி சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினேன். இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!

சிரித்த முகத்தோடேயே டீக்கடை முன்னால் வந்து நின்றேன். கருத்தையா அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு டீ ஆற்றினார். "என்னப்பா பரமா, இன்னைக்கு வெரசா வந்துட்ட" என்று பழைய பழக்கத்தில் உங்கள் பேரையே சொல்லிக் கிளாசை நீட்டிக்கொண்டு திரும்பினார். உங்கள் சட்டையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கிளாஸ் சரிந்து டீ அவர் விரலில் கொட்டியது. "ஆத்தா, நீயா..." என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என் சிரிப்பைத்தான் பார்த்தார்கள். வருசம் திரும்பாத வீட்டுப் பொம்பளை, தலைவிரி கோலமாக, பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன்.

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. டீயைக்கூட வாங்கவில்லை. விழுந்தடித்து வீட்டைப் பார்த்து மிதித்தேன். அந்தப் பதற்றத்தில் கிளையை அவிழ்க்க மறந்துபோனேன்.

நம் தெரு முழுக்க அந்தச் சத்தம் என் பின்னாலேயே வந்தது மச்சான். எனக்குத்தான் காது அடைத்துப் போயிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து முத்து ஓடி வந்தாள்.

"அப்பா! அப்பா வந்துட்டாரு!"

அவளுக்குப் பின்னால் மதினி. மத்தியான பஸ்சில் ராசிங்காபுரத்திலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார்கள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஓட்டு இடுக்கில் நான் சொருகி வைக்கிற சாவியை எடுத்துத் திறந்து, அவளோடு இருந்திருக்கிறார்கள். உங்கள் உடன்பிறந்த அக்கா, உங்களுக்குப் பால் ஊற்றிய அன்றைக்கு மயங்கி விழுந்தவர்கள். வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஒரு செம்புத் தண்ணீர். நீங்கள் வந்தால் முதலில் தண்ணீர்தானே கேட்பீர்கள்.

முத்து என்னைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மதினி செம்பை வாசற்படியில் வைத்தார்கள். அவர்கள் போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டது. "ஏண்டி, ஒனக்கே இது நல்லாருக்கா? எந்தம்பி போயி இன்னும் வருசம் திரும்பல. அவஞ் சத்தத்தத் தெருவுல இழுத்துக்கிட்டு வர்ற! சின்னப்புள்ள நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?"

"தப்புத்தான் மதினி. சைக்கிள நீங்களே கொண்டு போயிருங்க" என்றேன். வேலையை நினைக்கவில்லை, பூட்டிய கதவை நினைக்கவில்லை. அது என் கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது.

அவர்கள் நினைத்தது ஒன்று, என் வெட்கம் வேறு. அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, உங்களுக்கு எழுதத்தான் முடியும். ஊரார் என் சிரிப்பைப் பார்த்தது பெரிதில்லை மச்சான். அந்தச் சரிவு முழுக்க நீங்கள் என் நினைப்பிலேயே இல்லை. உங்கள் சைக்கிள், உங்கள் சட்டை, நீங்கள் சொல்லிக்கொடுத்த பார்வை, ஆனால் நீங்கள் இல்லை. நீங்கள் செத்துப்போனதே எனக்கு மறந்துபோயிருந்தது. அத்தனை சீக்கிரம் ஒருத்தியால் மறக்க முடியுமா? அப்படியென்றால் நான் அழுததெல்லாம் என்ன அழுகை? ஒரு வாய்ச் சோறு எடுத்து வைக்கும்போதும் கூசுகிறது.

மறுநாள் காலையில் பஸ் வந்தது. கண்டக்டர் சைக்கிளைத் தூக்கி மேலே ஏற்றினார். மதினி படியில் ஒரு காலை வைத்தார்கள், முத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். ராத்திரி அவள் என்ன சொன்னாளோ, கதவில் தூங்கிய கதையைச் சொல்லியிருப்பாள் போல.

"அத எறக்குய்யா" என்றார்கள்.

"ஏன் ஆத்தா, இப்பத்தான ஏத்துனேன்?"

"எறக்குன்னா எறக்கு."

என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்கள். "பொழுதோட வீடு வந்து சேரு. கிளைய மட்டும் தெருவுக்குள்ள இழுத்துட்டு வராத. டீக்கடையிலயே அவுத்துப் போட்டுரு. புள்ள ஏமாந்துருது." முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். "நானுந்தான் ஏமாந்தேன். செம்ப எடுத்துட்டு ஓடியாந்தேனே, பாத்தீல்ல."

டீக்கடையில் நான் சிரித்து நின்றது அதற்குள் அவர்கள் காதுக்கும் வந்திருக்கும், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

நேற்று மறுபடியும் இறங்கினேன். பள்ளிக்கூடம் விடும் முன்னே வீட்டுக்கு வந்துவிட்டேன். சரிவில் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். பாதிச் சரிவுகூடத் தாங்கவில்லை, சிரித்துவிட்டேன். என்ன சென்மமோ நான்.

அதனால் மச்சான், அந்த வெள்ளைக்கல் சரிவில் உங்களை நினைப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். செய்தால் பொய்ச் சத்தியம் ஆகிவிடும். டீக்கடை முன்னால் குனிந்து, உங்கள் முடிச்சை என் விரலால் அவிழ்க்கும்போது நினைக்கிறேன். ஒரு நாளும் தப்பாமல் நினைக்கிறேன். அது சத்தியம்.

வெட்கம் இன்னும் தீராத உங்கள் மாமன் மகள்,
செல்லத்தாய்