உங்கள் ஒல்ரனேற்றரில் பிழை இல்லை

அண்ணை,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கோ. இரண்டு வருடம் உங்கள் வானின் முன் சீற்றில் இருந்தும் உங்களோடு நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவள், நீங்கள் போய் ஏழு மாதம் கழித்து மடல் எழுதுகிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்றும் தெரியவில்லை. ஆனால் இன்றைக்கு அறிந்த ஒன்றை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் அது வெறும் வாகனக் கதையாகப் போய்விடும்.

காலையில் மறிச்சுக்கட்டிப் பக்கம் வெளிக்கள வேலை இருந்தது. கந்தோர் ஜீப் கிளம்பவில்லை. சிலாவத்துறைக் கராச்சில் இருந்து மெக்கானிக் நானா ஒருவர் வந்தார். வேறு பற்றரி கொடுத்துக் கிளப்பிவிட்டு, எஞ்சின் ஓட ஓட மீற்றரைப் பிடித்தார். பற்றரியில் பன்னிரண்டு வோல்ற் சொச்சம். பிறகு, எஞ்சின் ஓடும்போது பற்றரிக்கு மின் ஏற்றுகிற ஒல்ரனேற்றரிலேயே பிடித்தார். பதினாலரை.

“சார்ஜ் வருது மிஸ். வந்து சேருதில்ல,” என்றார்.

குனிந்து, எஞ்சினையும் வாகன உடம்பையும் இணைக்கிற பெருவிரல் தடிப்பு வயர் ஒன்றைக் கழற்றினார். அதன் முனை முழுக்கப் பச்சைத் தூள். உப்புக் காற்று தின்றது. அரத்தாளால் தேய்த்துத் திரும்பப் பூட்டினார். பற்றரியிலும் பதினாலு வந்துவிட்டது. ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நான் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் வானிலும் அதே இடத்தில் அதே பச்சை இருந்தது. நான் கண்டிருந்தேன். கண்டும், அது என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த மாரியை நினைத்துப் பார்க்கிறேன். மன்னார்த் தீவில் இருந்து சிலாவத்துறைக்கு ஐந்து ரீச்சர்மாரும், அங்கே கந்தோரில் வேலை செய்கிற நானும் உங்கள் வானில் போனோம். வங்காலை தாண்டினால் எனக்குச் சத்தி எடுக்க வரும் என்பதால் முன் சீற் எனக்கு. சீற்றுக்குக் கீழே எஞ்சின். மழையிலும் என் கால் சுட்டுக்கொண்டிருக்கும். அந்த மாரியில்தான் வான் காலையில் கிளம்பாமல் முனகத் தொடங்கியது. புதுப் பற்றரி போட்டீர்கள். இரண்டு கிழமையில் அதுவும் முனகியது. பிறகு தள்ளுவதுதான் வழி. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் உள்ளே வைத்துவிட்டு, ஆறு பெண்கள் தள்ளுவோம்.

“மன்னாரில ஒரு பள்ளம் இருந்தா உங்களை நான் ஏன் கஷ்டப்படுத்திறன்?” என்பீர்கள்.

ஐவரில் மூத்தவவான பெரிய ரீச்சர் விடமாட்டா. “தம்பி, எனக்குச் சம்பளம் தாறது படிப்பிக்கவோ, உம்மட வானைத் தள்ளவோ?”

“தள்ளினா உங்களுக்குச் சீனி இறங்கும் ரீச்சர். அதுக்கு நான் காசு கேக்கிறேல்லையே.”

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் பின் சீற்றில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. குளிரூட்டி பூட்டிய வான் ஒன்று அதே பாதையில் ஓடத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், பிறகு மாறுவோம் என்று பேசிக்கொண்டார்கள். இந்த ஓட்டம் போனால் உங்களுக்கு வேறு ஓட்டம் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்குத்தான் அந்தக் கதை கேட்டதோ தெரியவில்லை.

எனக்கு இன்னொன்றும் தெரியும். மழைக்கு வைப்பரும் லைற்றும் சேர்ந்து ஓடினால், உங்கள் முன்னால் பற்றரிப் படம் போட்ட சிவப்பு லைற் மங்கலாக எரிந்தது. வெயிலில் அது தெரியாது. பக்கத்தில் இருந்தவள் நான், தினமும் கண்டேன். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவள், கைப்பைக்குள் கம்பஸ் காலத்து மீற்றர் கிடந்தது. ஆனாலும் இரண்டு கிழமை வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் ஆளாகக் கம்பஸ் போனவள் என்று ஊரில் யாராவது சொன்னாலே எனக்குக் கூச்சம். உங்கள் வானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வதா என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் சொன்னேன், சொல்லக்கூடாத நேரத்தில். பெரியகடையில் ஒரு ரீச்சருக்காகக் காத்து நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் சீற்றைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் பார்த்தீர்கள். நான் மீற்றரை எடுத்துப் பற்றரியில் பிடித்தேன். பதினாலு காட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டே கால். பேசிப் பழகாதவளுக்குக் குரலை அளந்து பேச வராது. வானுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

“அண்ணை, ஒல்ரனேற்றர் வேலை செய்யேல்லை.”

“பாத்தியளோ, படிச்ச பிள்ளை சொல்லுது,” என்றா பெரிய ரீச்சர். நீங்கள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் தெரிகிறது. கோபம் இல்லை. எல்லோருக்கும் முன்னால் நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டதுபோல.

“ஒல்ரனேற்றரில பிழை இல்லை, பிள்ளை. இப்ப காட்டிறன்.”

நீங்கள் காட்டியது போர் நாளில், பொருளாதாரத் தடைக் காலத்தில் பழகிய முறை. பெருநிலப்பரப்புக்குப் பற்றரி வராத வருடங்களில், உங்கள் ஊரில் ஒரு லொறிக்கும் இரண்டு உழவு இயந்திரத்துக்கும் ஒரே பற்றரிதான் இருந்தது என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றைக் கிளப்பி, ஓடும்போதே பற்றரியைக் கழற்றி, தோளில் தூக்கிக்கொண்டு அடுத்ததுக்கு ஓடுவீர்களாம். “மூண்டு வீட்டுக்கு ஒரு மருமகன்” என்று அந்தப் பற்றரிக்குப் பெயர். பற்றரியைக் கழற்றியும் எல்லாம் எரிந்தால் ஒல்ரனேற்றர் நல்லது என்று அப்போது பழகிய கணக்கு. அந்தக் காலத்து இயந்திரங்கள் அதைத் தாங்கியிருக்கலாம்.

லைற்றைப் போட்டுவிட்டு, ஓடுகிற எஞ்சினில் பற்றரி வயரை இழுத்தீர்கள். முன் லைற் இரண்டும் வெள்ளையாய்ப் பளிச்சென்று எரிந்து அணைந்தன. ரப்பரும் வார்னிசும் கருகுகிற மணம் வந்தது. டீசல் எஞ்சின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

“ஓடுதுதானே,” என்றீர்கள்.

பிறகு வவுனியாவில் இருந்து பழைய ஒல்ரனேற்றர் ஒன்று கொண்டுவந்து போட்டீர்கள். அப்படியும் வான் முனகியது. அந்தப் பச்சை வயரை யாரும் தொடவில்லையே. அந்த மாதத்தோடு ரீச்சர்மார் ஒவ்வொருவராய் மாறினார்கள். கடைசியாக நான். அவர்கள் நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தத் துணிவும் இல்லை. நானாட்டான் கந்தோருக்கு மாற்றம் கிடைத்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

“நல்லம் பிள்ளை. கிட்டத்தானே, அம்மாவும் சந்தோசப்படுவா,” என்றீர்கள். அடுத்த திங்கள் நான் மற்ற வானில் சிலாவத்துறைக்கே போனேன்.

இன்றைக்கு அந்த நானாவிடம் கேட்டேன், எஞ்சின் ஓடும்போது பற்றரியைக் கழற்றினால் என்ன நடக்கும் என்று. “நல்லா இருக்கிற ஒல்ரனேற்றரும் மௌத்தாயிரும் மிஸ். ஆரும் அப்பிடிச் செய்வாங்களா?” என்று சிரித்தார். செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏன் செய்தார்கள் என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

ஆக, நீங்கள் சொன்னதுதான் சரி. உங்கள் ஒல்ரனேற்றரில் பிழை இருக்கவில்லை. நான் ஒரு இடத்தில் மட்டும் அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னேன். மீற்றரை இன்னும் ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தால் உங்கள் ஓட்டம் கைவிட்டுப் போயிராது. இதைச் சொல்லத்தான் இந்த மடல் என்று தொடங்கும்போது நினைத்தேன்.

இப்போதும் எந்த வாகனத்தில் ஏறினாலும் என் கண் முதலில் அந்தச் சிவப்பு லைற்றைத்தான் தேடுகிறது. அணைந்திருந்தால்தான் முதுகைச் சாய்க்கிறேன். உங்களிடமிருந்து வந்த பழக்கம் என்று சொல்ல முடியாது. உங்களால் வந்தது.

இன்னொன்று இருக்கிறது. இவ்வளவு நேரமும் அதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

மாறிப் போன மூன்றாம் கிழமை, வங்காலைச் சந்திக்கு அங்கால் கழுதைகள் ரோட்டை மறித்து நின்றன. எங்கள் வான் நின்றது. பக்கத்தில் உங்கள் வான், ஆள் ஒருவரும் இல்லாமல், சீற் தூக்கியபடி. நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தீர்கள். நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்தேன். கழுதைகள் விலகும்வரை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு, நீங்கள் போவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து அம்மாவை நிறுத்திக் கேட்டீர்களாம், “நானாட்டானில பிள்ளைக்கு எப்பிடி, சுகம்தானே?” என்று. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஓம் என்று சொல்லிவிட்டு வந்து, “அந்த மனுசன் என்ன, நீ நானாட்டானில எண்டு நினைச்சுக்கொண்டிருக்கு?” என்று என்னைக் கேட்டா. நீங்கள் உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் கேட்டீர்களோ, இல்லை எல்லாம் கண்டுவிட்டு என் பொய்யை எனக்காகச் சுமந்துகொண்டு நின்றீர்களோ, எனக்குத் தெரியவில்லை. உங்கள் சாவீட்டில் பின்வரிசைக் கதிரையில் இருந்தும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை, ஒரு நாள் கனவிலாவது வந்து, அன்றைக்கு அந்த வானுக்குள் என்னைக் காணவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கோ. கண்டிருந்தாலும் அப்படியே சொல்லுங்கோ.