கராஜ் பன்னீர்

மார்ச் 8, சனி

பெட்டி வந்துவிட்டது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. ஒரு செப்புப் பானை, அதன் மேல் கவிழ்க்க வெங்காயம் மாதிரி ஒரு மூடி, மூடியிலிருந்து வளைந்து போகிற குழாய், குழாய் சுருண்டு இறங்க ஒரு வாளி. பானைக்குள் பூவும் தண்ணீரும் போட்டுக் கொதிக்க வைத்தால் ஆவி குழாயால் போய், வாளித் தண்ணீரில் குளிர்ந்து, மற்றப் பக்கத்தால் பன்னீராகச் சொட்டும். இவ்வளவுதான் விஷயம்.

வேலையை விட்டு நின்ற பிறகு எல்லாரும் ஏதாவது பழகுகிறார்கள். ஒருத்தி யோகா. ஒருத்தி வீணை. இருபது வருஷம் மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதி பண்ணிய நான் பன்னீர் காய்ச்சப் போகிறேன். ஓகஸ்டில் மகள் அட்சயாவுக்குக் கலியாணம். மண்டப வாசலில் தெளிக்கிற பன்னீர் என் கையால் வடித்ததாக இருக்க வேண்டும். முடிவு எடுத்தாயிற்று.

இவர் பெட்டியைச் சுற்றிக் கோயில் வலம் வருவது மாதிரி வந்தார்.

"உது கசிப்புக் காய்ச்சிற சாமானெல்லே?"

"பன்னீர் காய்ச்சிற சாமான்."

"பொலிஸ் வந்தாலும் உப்பிடியே சொல்லுவீரோ?"

மார்ச் 9, ஞாயிறு

அட்சயா ஃபோனில் தேடிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள். வீட்டில் கசிப்போ வேறு சாராயமோ வடித்தால் குற்றம். பூத்தண்ணீர் வடிக்கலாம். "பட் வை, அம்மா? கடையில போத்தில் போத்திலா விக்கிறாங்கள்."

ஏனென்று அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கலியாணம் பார்க்டேலில், ஒரு அப்பார்ட்மென்ற் வரவேற்பறையில் நடந்தது. ஐயர் இருந்தார், தாலி இருந்தது, பன்னீர் இல்லை. ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. இவருடைய கூட்டாளி இக்னேசியஸ் அப்போது சின்னப் பெடியன். "நான் பாக்கிறன் அக்கா" என்று ஓடிப்போய், ஜன்னல் துடைக்கிற மருந்துப் போத்திலைக் கழுவி, குழாய்த் தண்ணீரும் ஓடிக்கொலோனும் கலந்து, வந்த ஆட்களுக்கெல்லாம் முகத்தில் அடித்தார். சரியாகக் கழுவவில்லை. என்னுடைய கூறைச் சீலை இப்பவும் பெட்டியைத் திறந்தால் கண்ணாடி துடைத்த மணம்தான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

என் பிள்ளைக்கு அப்படி இல்லை. அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

முதல் தடவை. படுதோல்வி.

புதுச் செம்பைத் துலக்க வேண்டுமென்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. செம்பு துலக்க எனக்குச் சொல்லித்தர வேணுமோ? பழப்புளி போட்டுத் தேய் தேயென்று தேய்த்தேன். பானை பளபளவென்று வந்தது. குழாய்க்குள்ளேயும் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டேன் – அதுதான் பிழை. அலசினது காணாது.

வடிந்து வந்ததை இவர் மணந்து பார்த்தார். "மிளகும் சீரகமும் போட்டா நல்ல ரசம்."

மார்ச் 22, சனி

கடையில் வாங்கிய சிவப்பு ரோசாக்கள். பார்க்க வடிவு. காய்ச்சினால் அவித்த முட்டைக்கோவா மணக்கிறது. வாசமே இல்லாத பூவை எதற்கு வளர்க்கிறார்கள்?

ஆனால் ஒரு நல்ல விஷயம். வாளியைக் குளிர வைக்க ஐஸ் தேவையில்லை. பின்வளவில் இன்னும் குவிந்து கிடக்கிற பனியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டேன். இந்தப் பனியை முதன்முதலாக ஒரு பிரயோசனத்துக்குப் பாவித்திருக்கிறேன்!

மார்ச் 29, சனி

இந்தியக் கடையில் காய்ந்த ரோசா இதழ் கிடைத்தது. வாசம் உண்டு. ஆனால் மூடியும் பானையும் பொருந்துகிற இடத்தால் ஆவி புஸ் புஸ்ஸென்று போகிறது. மாவைக் குழைத்துப் பூசச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது. ரொட்டிக்குக் குழைத்து வைத்த மா இருந்தது. தேங்காய்ப்பூ போட்ட மா. வேறு மா குழைக்கப் பஞ்சி, அதையே சுற்றிவர அப்பினேன்.

ஆவி நின்றுவிட்டது. அரை மணித்தியாலத்தில் கராஜ் முழுக்க ரொட்டி மணம். இவர் வந்து, பானையைச் சுற்றி வெந்துபோயிருந்த மாவை உரித்து உரித்துச் சாப்பிட்டுவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சம்பல் இருக்கோ?"

"அது ஆவி போகாமல் பூசினது! சாப்பிடுறதுக்கில்லை!"

பன்னீர் வந்தது. ரோசா மணம் இருக்கிறது, ஆனால் பின்னால் மெதுவாகச் சுட்ட ரொட்டியும் நிற்கிறது. ஊற்றிவிட மனமில்லை. பழைய எசன்ஸ் போத்தில் ஒன்றில் அடைத்து வைத்தேன். எப்படியோ, இது என்னுடைய முதல் பன்னீர்.

ஏப்ரல் 13, ஞாயிறு

உலகத்துக்கே தெரிந்துவிட்டது. பிளாசாவில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்க, முன்பின் தெரியாத ஒரு அங்கிள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, உங்களிட்டச் சாமான் எடுக்கலாமாம்?" என்று கேட்கிறார். கையில் கத்தரிக்காயோடு நான் என்னத்தைச் சொல்ல?

பின்னேரம் இக்னேசியஸ் வந்தார். வொட்கா வெறும் போத்தில் நாலு, கழுவித் துடைத்து, ஏதோ சீர்வரிசை கொண்டு வந்த மாதிரி நீட்டுகிறார்.

"அக்கா, உங்களுக்குத் தேவைப்படும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"தம்பி, நான் காய்ச்சிறது பன்னீர்."

"ஓம், ஓம். பன்னீர்." கண்ணடித்துவிட்டுப் போகிறார்.

ஆருக்கும் சொல்லமாட்டாராம். சொன்னதே உவன்தான்!

போத்தில்கள் நல்ல கண்ணாடி. எறியவில்லை.

மே 4, ஞாயிறு

நடக்கக்கூடாதது நடந்தது.

மாப்பிள்ளை பிரியந்தனின் அம்மா மிசிசாகாவிலிருந்து வந்தார். இராஜேஸ்வரி அம்மையார். கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர், கேக்கில் ரம் எசன்ஸ் இருந்தால்கூடத் தொடமாட்டார். சீலை பார்க்க வந்தவர் நேரே கராஜ் வாசலில் வந்து இறங்கினார். உள்ளே பானை கொதிக்கிறது, குழாய் சொட்டுகிறது, பக்கத்தில் வரிசையாக நாலு வொட்காப் போத்தில். பொலிஸ் வந்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திராது.

"மிஸிஸ் சச்சிதானந்தன், நான் கேள்விப்பட்டது பொய்யெண்டுதான் நினைச்சனான்."

நான் என்னவெல்லாமோ சொன்னேன். புளி, கோவா, ரொட்டி மா, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தது. கடைசியில், அட்சயாவுக்கே சொல்லாத பார்க்டேல் கதையையும் சொன்னேன். ஜன்னல் மருந்து வரைக்கும். என்ன விசரோ எனக்கு!

அவர் சிரிக்கவில்லை. "அது சரி. ஆனா எங்கட ஆக்கள் கதைப்பினம். உந்தப் பன்னீர் எங்கட பக்கத்து ஆக்களில படவேண்டாம். கடையில வாங்குவம்."

"மணந்தாவது பாருங்கோ" என்று அந்த ரொட்டி மணப் போத்திலைக் கையில் வைத்தேன். திறக்கவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். வழியில் குப்பைத் தொட்டிக்குள் போயிருக்கும்.

அட்சயா அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். "யூ எம்பாரஸ்ட் மீ, அம்மா."

மே 5, திங்கள்

விட்டுவிடலாமோ?

மே 6, செவ்வாய்

விடமாட்டன்.

ஜூன் 14, சனி

பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரினாவின் வேலியோரம் இளஞ்சிவப்பு ரோசா பூத்திருக்கிறது. வாசம் எங்கள் சமையலறை வரைக்கும் வருகிறது. இதழைக் காலையில், வெயில் ஏற முதல் பிடுங்க வேண்டுமாம். அரிதட்டோடு வேலிக்கு இங்காலே நின்று, இங்காலே சாய்ந்த கொப்புகளில் மட்டும் – மட்டும்தான் – பிடுங்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கிறிஸ்ரினா கோப்பிக் கோப்பையோடு நிற்கிறார்.

"ரதி, வை யூ நோ ஆஸ்க்?"

கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு அவரே கத்தரிக்கோல் கொண்டுவந்து தந்தார். மூன்று கூடை.

காய்ச்சினேன். சொட்டு விழ விழ எனக்குத் தெரிந்துவிட்டது. கோவா இல்லை, ரொட்டி இல்லை, புளி இல்லை. இவர் கராஜுக்குள் வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருஷத்தில் இந்த மனுசன் பகிடி விடாமல் நின்றதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 28, சனி

பனி இல்லாத காலத்தில் வாளியைக் குளிர வைக்க உறைந்த முருங்கைக்காய்ப் பொதி போடலாம். உறைந்த கணவாய்ப் பொதி போடக்கூடாது. இதற்கு மேல் இன்றைக்கு எழுத விருப்பமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நாலு போத்திலும் நிறைந்துவிட்டன. லேபிளை ஊற வைத்தும் பார்த்தேன், சுரண்டியும் பார்த்தேன். போகவில்லை. போகாவிட்டால் என்ன, பன்னீர்ச் செம்புக்குள் ஊற்றினால் ஆருக்குத் தெரியும்?

அட்சயா ஒரு போத்திலைத் திறந்து மணந்தாள். கழுத்தில் கொஞ்சம் தடவினாள். "ஓகே, ஃபைன். இது உண்மையாவே நல்லாயிருக்கு." பிறகு, "அன்ரிக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்" என்றாள். சொன்னாளா தெரியாது. அங்கேயிருந்து ஒரு பதிலும் இல்லை. அவர்களுக்குக் கடைப் பன்னீரும் ஒரு போத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

ஓகஸ்ட் 23, சனி

நாளைக்குக் கலியாணம். போத்தில் நாலும் காரின் ட்ரங்கில், துவாய் சுற்றி, குழந்தைப்பிள்ளை மாதிரிப் படுத்திருக்கின்றன. கடைப் பன்னீர் வாங்க மறந்துபோனேன். மறந்தேனா, மறக்கப் பண்ணினேனா – விடு.

ஓகஸ்ட் 25, திங்கள்

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்றைக்கு ஒழுங்காக எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் என்று சொன்னதும் இவரிடம் கார்ச் சாவியைக் கொடுத்து, ட்ரங்கிலிருந்து பன்னீரை எடுத்து வரச் சொன்னேன். இவருக்கு வேட்டி அவிழுகிற நிலை. சாவியை இக்னேசியஸிடம் கொடுத்து, "ட்ரங்கில இருக்கிறதை எடுத்துக்கொண்டு வாடாப்பா" என்றிருக்கிறார்.

எங்கள் அங்கிள்மாரைத் தெரியாதா? கலியாண மண்டபத்துக்குள் காலை வைக்க முதல், பார்க்கிங் லொட்டில் ஆருடையவோ கார் ட்ரங்கைச் சுற்றி நிற்பார்கள். சாமி கும்பிடுவது மாதிரி அது ஒரு முறை. அந்த ஆட்களுக்கு நடுவில் இக்னேசியஸ் எங்கள் ட்ரங்கைத் திறந்திருக்கிறார். துவாயை விலக்கியிருக்கிறார். வொட்காப் போத்தில் நாலு.

வெள்ளிச் செம்பு வெறுமையாக இருக்கிறது, ஆளைக் காணவில்லை. என்னுடைய பழைய கூறைச் சீலையைத்தான் உடுத்திருந்தேன்; அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அங்கே பிளாஸ்ரிக் கப், கோலா, பகோடா. நாலு போத்திலும் காலி. ஒரு அங்கிள் பாடுகிறார். இன்னொருவர் மற்றவரின் தோளில் சாய்ந்து, "என்னை மன்னிச்சுக்கொள் மச்சான்" என்று அழுகிறார்.

"அக்கா!" இக்னேசியஸ் கையைத் தூக்கிக் கும்பிட்டார். "தங்கமான சரக்கு! தொண்டையில எரியவே இல்லை. ஆனா தலைக்கு ஏறினது பாருங்கோ, அப்பிடி ஏறுது!"

"அது பன்னீரடா, மாடுகளே!"

"ஓம், ஓம், பன்னீர்!" எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். கண்ணடித்தார்கள். வாயைத் திறந்தால் கோயில் மூலஸ்தானம் மாதிரி மணக்கிறது, ஆட்கள் நேரே நிற்கமாட்டாமல் ஆடுகிறார்கள். கிறிஸ்ரினாவின் ரோசாவில் என்னடா வெறி இருக்கு?

என்னுடைய கலியாணப் பன்னீரையும் என் மகளின் கலியாணப் பன்னீரையும் நாசமாக்கிய ஒரே மனுசன் உவன்தான். அடிக்கக் கை எழும்பியது. அதற்குள் மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கிவிட்டார்கள்.

வாசலுக்கு ஓடி வந்து வெறும் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னுக்கு இராஜேஸ்வரி அம்மையார். செம்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க பன்னீர்?"

"குடிச்சுப்போட்டாங்கள்" என்றேன். வேறு என்ன சொல்ல? அழுதுவிட்டேன். ஆயிரம் பேருக்கு முன்னால், மேக்கப் எல்லாம் வழிய.

அவர் கைப்பையைத் திறந்தார். எசன்ஸ் போத்தில். அந்தப் போத்தில். பாதிதான் இருந்தது.

"மிச்சம் எங்க?" என்று கேட்டேன், அந்த நேரத்திலும்.

"கோயிலுக்குப் போகேக்க சீலையில கொஞ்சம் தெளிக்கிறனான்." சரியான வெட்கம் அவருக்கு. "நல்ல வாசம், ரதி. மணந்தாப் பசிக்குது, அது ஒண்டுதான்."

ரதி. மிஸிஸ் சச்சிதானந்தன் இல்லை, ரதி.

அவரே செம்பை வாங்கி ஊற்றினார். பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெளிக்க வேண்டும், அதுதான் முறை. முறைக்கு ஊரிலே முதல் ஆளான அந்த மனுசி செம்பைத் திருப்பி என்மேல் தெளித்தார். முகத்தில், கழுத்தில், கூறைச் சீலையில்.

"இது பார்க்டேலுக்கு" என்றார். "இனி நீங்கள் எங்களுக்குத் தெளியுங்கோ."

தெளித்தேன். உள்ளே போன ஆட்களெல்லாம், "என்ன, ரொட்டி போடுறியளோ? சாப்பாடு எப்ப?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பிறகு அட்சயா மணவறையில் இருந்து மூக்கைச் சுருக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் சீலையில் கண்ணாடி மருந்து மணம் போய்விட்டது.

ஓகஸ்ட் 27, புதன்

இக்னேசியஸ் ஃபோன். "அக்கா, நாலு கப் அடிச்சும் காலமை தலையிடி துண்டா இல்லை. அடுத்தது எப்ப?" பன்னீர் என்று மறுபடியும் சொன்னேன். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்கிறார்.

செப்டம்பர் 13, சனி

இராஜேஸ்வரியக்கா காலையிலேயே மிசிசாகாவிலிருந்து காரோட்டி வந்துவிட்டார். ஒரு பை நிறைய மல்லிகை, வீட்டுக்குள் தொட்டியில் வளர்த்ததாம். நான் வெறும் மா குழைத்து வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, தேங்காய்ப்பூ போடச் சொன்னார்.

"மணம் வந்திடுமே, அக்கா."

"அதுக்குத்தானே சொல்லுறன்."

பானை கொதிக்கிறது. இவர் சம்பல் கிண்ணத்தோடு கதவடியில் காவல் நிற்கிறார். சனிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று கோயில் ஆட்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். முதல் சொட்டு விழுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டவை. சம்பந்தி வீட்டை கசிப்புக் காய்ச்சப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."