நுவனுக்கு ஒரு அர்ச்சனை

புக்கிட் பாத்தோக்,
திங்கட்கிழமை

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். உங்கட முழங்கால் வீக்கம் வத்திட்டுதோ? காணாமல் போன பிள்ளையளைக் கேட்டு இருக்கிற அந்தப் போராட்டப் பந்தலில வெறுந்தரையில இருக்காதேங்கோ, கதிரை கேட்டு வாங்குங்கோ.

ஒரு சின்ன விசயம். போனில சொன்னால் அழுதுபோடுவன், அதால எழுதுறன். பக்கத்து வீட்டில என்னை மாதிரி வீட்டு வேலை செய்யிற சாந்தனி குருநாகல் சிங்களப் பொம்பிளை. ஞாயிறு லீவுக்கு ரெண்டு பேரும் ஒண்டாத்தான் லிட்டில் இந்தியா போறனாங்கள். நேற்றும் காளி கோயிலில உங்கட மகன்ர பேருக்கு அர்ச்சனை செய்தன். உயிரோட இருக்கிறவைக்குத்தான் இது செய்யிறது எண்டு அவவுக்கு விளங்கப்படுத்தினன். உடனே தன்ர தமையன் நுவனுக்கும் செய்யவேணும் எண்டு நிண்டா. அவர் ஆமியில இருந்தவராம். நாங்கள் உங்கட மகனை ஆமியிட்டக் கையளிச்ச அதே மாசம் முல்லைத்தீவில காணாமல் போனவராம். உடம்பும் கிடைக்கேல்லையாம்.

வெளியில போயிடலாமெண்டு நினைச்சன், மாமி. ஐயர் நட்சத்திரம் கேட்டார். அவவுக்குத் தெரியேல்ல, என்னைப் பாத்தா. நான் எங்கட இவற்ற உத்திராடத்தைச் சொல்லிப்போட்டன்.

கோவிக்காதேங்கோ. இவற்ற படம் இன்னொண்டு அனுப்புங்கோ, என்னட்ட இருக்கிறது மங்கிப்போச்சு. மேடம் கூப்பிடுறா. நீங்கள் கோயிலுக்குப் போனால் நுவன்ர பேரையும் சொல்லுங்கோ. மனம் வராட்டில் இவற்ற பேர் மட்டும் போதும். நட்சத்திரம் ஒண்டுதானே.

உங்கட மருமகள்
தவமலர்