இடப்பக்கம் சாயும் படகு

வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது? கிடங்கில் பெட்டியைக் குனிந்து தூக்காதீர்கள், உட்கார்ந்து தூக்குங்கள். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நீங்கள், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். படகு என்று ஆரம்பித்தாலே நீங்கள் சார்ஜ் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் கடைசிவரை படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

படகை விற்றுவிடச் சொல்லியிருந்தீர்கள். எனக்குச் சம்மதம். பாப்பா தண்ணீரில் போன அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நீங்கள் துறைப்பக்கமே வரவில்லை. அடுத்த மாதமே வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் மூன்று வருடமாக டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து அதே படகுக்குத்தான் சீட்டு கிழித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசையா என்ன? ஐஸ் கம்பெனி முதலாளி வந்து எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்றார். ஆழ்கடல் படகுகளுக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். இனி அது அலையாத்திக் காட்டுக் கால்வாய்க்குள் வராது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்.

இப்போது படகை ஓட்டுகிற உங்கள் தம்பிதான் முரண்டு பிடிக்கிறார். விற்கக் கூடாதாம். ஏன் என்று கேட்டால் படகுக்குக் குறை சொல்கிறார். குறையுள்ள படகை விற்காதே என்று சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவர் சொல்கிற குறை இது. தனிப்படகு எடுத்து ஒருவரோ இருவரோ மட்டும் வந்தால், சாயாமல் இருக்க எதிர்ப்பக்கப் பலகைக்கடியில் தண்ணீர் கேன் வைப்பது நீங்கள் பழக்கிய வேலைதானே. சூரியன் இறங்குவதைப் பார்க்கப் போகிற கடைசி நடைக்கு இவர் கேன் வைக்கிற விதம்தான் வேறு மாதிரி இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரே எடையில் இரண்டு பேர் வந்து பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்தாலும், வலப்பக்கம் ஒரு கேன் ஏறுகிறது. போன வாரம் ஒருவர் கேமராவோடு வந்தார். அவர் இடப்பக்கம்தான் உட்காருவேன் என்றதும் தம்பி வலப்பக்கம் எத்தனை கேன் அடுக்கினார் தெரியுமா? அந்த ஆள் பயந்துபோய், "ஏங்க, நான் அவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று என்னிடமே வந்து கேட்டார்.

நான் தம்பியைப் பிடித்து விசாரித்தேன். "மூணாவது வளைவு தாண்டினதும் இடப்பக்கமா இழுக்குது அண்ணி. திரும்பி வர்றப்ப சரியாயிடுது," என்றார். அடியில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறியிருக்கும் என்று பட்டறைக்காரரைக் கூப்பிட்டு கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் பார்த்தோம். எங்கேயும் ஈரம் இல்லை. துறையில் மட்டமாக நிற்கிறது. காலை நடை, மதிய நடை எதிலும் சாய்வு கிடையாது. பட்டறைக்காரர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "சாயங்காலம் ஊத்திக்கிறதைக் கொஞ்சம் கொறச்சுக்கப்பா," என்றிருக்கிறார். உங்கள் தம்பி காபிகூடத் தொடாத மனிதர். இரண்டு நாள் பட்டறைக்காரரோடு பேசவில்லை.

எனக்குக் கவலை படகைப் பற்றி இல்லை. தம்பி மெலிந்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். நேற்று சாயங்காலம் ஆளே இல்லாமல் படகை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தனிப்படகு கேட்டு ஒரு குடும்பம் நின்றது, அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு உங்களோடு படகில் இருந்தவர் அவர். பின்பக்கம் பயணிகளுக்குப் பறவை காட்டிக்கொண்டிருந்தவர். அது அவர் மனதை அரிக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு அதட்டல் போட்டால் கேட்பார். நாளைக்கு நானே அவரோடு ஒரு நடை போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டு வருகிறேன். மூன்று வருடமாக அந்தக் கால்வாய்க்குள் நான் போனதில்லை. போய்த்தான் ஆக வேண்டும்.

சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா


புதன்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

முதல் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். அதில் தம்பியை அதட்டச் சொல்லியிருந்தேன். அதட்ட வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். வேறு யாரையும் ஏற்றவில்லை. நான் இடப்பக்கப் பலகையில் உட்கார்ந்தேன். தம்பி என்னை எடைபோடுவதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு வலப்பக்கம் மூன்று கேன் வைத்தார். "நிஜமாவே அவ்வளவு இருக்கேனா?" என்று கேட்டேன். "ஒண்ணைக் கொறச்சுத்தான் வெச்சிருக்கேன் அண்ணி," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நாங்கள் அன்றைக்குச் சிரித்தது அவ்வளவுதான்.

படகு மட்டமாக இருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே அளவு கீழே இருந்ததை நான் கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். முதல் வளைவு வரை கால்வாய் அகலம். துறையின் விளக்குகள் தெரியும். இரண்டாவது வளைவுக்குப் பிறகு மரங்கள் நெருங்கிவிடும். நீர் வற்றத் தொடங்கியிருந்ததால் வேர்கள் சேற்றுக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றன. படகுக்கடியில் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஓயாமல் ஒரு சத்தம். அது இறால் வகை என்று நீங்கள் பயணிகளுக்குச் சொல்வீர்கள். பாப்பாவுக்கு மட்டும், தண்ணீருக்குள் யாரோ சமைக்கிறார்கள் என்று சொல்லிவைத்திருந்தீர்கள்.

அவள் தண்ணீரில் போன அந்த மூன்றாவது வளைவில் தம்பி எஞ்சினை நிறுத்தினார். நீரோட்டமே படகை மெதுவாகக் கொண்டுபோனது. வானம் சிவந்திருந்தது. தண்ணீர் மட்டும் கறுப்பாக இருந்தது. நான் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாமல்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் ஏறினால் படகு எப்படி ஒருமுறை அமுங்கி நிற்குமோ, அப்படி அமுங்கியது. முன்பக்கம், இடது ஓரம். வெளியே தொங்கவிட்டிருந்த என் விரலைத் தண்ணீர் தொட்டது.

தம்பி தயாராக வைத்திருந்த இன்னொரு கேனை எடுத்து வலது முன்பக்கம் வைத்தார். அது போதவில்லை. குடிக்கிற தண்ணீர் வைக்கும் சின்னக் கேனையும் அதன் மேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் மட்டத்துக்கு வந்தது. "ஆரம்பத்துல பெரிய கேன் ஒண்ணே போதும் அண்ணி," என்றார். "இப்ப பத்தல."

பெரிய கேன் இருபது கிலோ. சின்னது ஏழோ எட்டோ. பாப்பா போகும்போது இருபது கிலோ இருந்தாள். ஊசி போடப் போன இடத்தில் எடை பார்த்தோம், வயசுக்குக் கொஞ்சம் கம்மி என்றார்கள், நீங்கள் அந்த நர்ஸிடம் சண்டை போட்டீர்கள். இன்று இருந்தால் அவளுக்கு ஒன்பது முடிந்திருக்கும். ஒன்பது வயசுப் பிள்ளை எத்தனை கிலோ இருக்கும் என்று எதிர்வீட்டு டீச்சரிடம் வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். இருபத்தேழு, இருபத்தெட்டு என்றார்.

நீங்கள் கடிதத்தை இங்கே கீழே வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எனக்கும் அப்போது நம்பிக்கை வரவில்லை. நீரோட்டம் இழுக்கிறது, அடியில் வேர் தட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதித்துப் பார்ப்போம் என்று எழுந்து வலப்பக்கப் பலகைக்கு மாறி உட்கார்ந்தேன். என் பாரத்துக்குப் படகு வலப்பக்கம் சாய்ந்தது. சரிதான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இடது முன்பக்கம் மெல்ல மேலெழும்பியது. நடுப்பகுதி ஒருமுறை ஆடியது. ஆடும் படகில் பலகையைப் பிடித்துப் பிடித்துக் கடந்து வருகிறவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள். அதன் பிறகு என் பக்கம் இன்னும் கீழே இறங்கியது. என்னை ஒட்டி. தம்பி அவசரமாகக் கேன்களை இடப்பக்கம் மாற்றினார். ஒரு கேன் கை தவறி உருண்டது.

அவள் என்றைக்காவது நான் இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாளா, சொல்லுங்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்கவும் இல்லை. பேசவும் இல்லை. ஏதாவது செய்தால் எழுந்து போய்விடுமோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொக்குகள் கூட்டமாக வந்து மரங்களில் இறங்கின. அப்போது அந்தப் பாரம் சட்டென்று முன்னால் போனது, பார்ப்பதற்கு. பிறகு திரும்பி வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். தம்பி இதைக் கவனிக்கத் தொடங்கிய நாட்களில், திரும்பி வரும்போது மூன்றாவது வளைவிலேயே பாரம் இறங்கிவிடுமாம். ஆள் இறங்கினால் படகு ஒரு துள்ளு துள்ளுமே, அப்படித் துள்ளிவிட்டு மட்டமாகுமாம். போன மாதம் இரண்டாவது வளைவு வரை வந்தது. சனிக்கிழமை என்னோடு முதல் வளைவு வரை வந்தது. நேற்று முதல் வளைவையும் தாண்டி, நம் துறை விளக்கு முகத்தில் படும் இடம் வரை கூடவே வந்து, அங்கேதான் இறங்கியது. அந்த இடத்தில் ஆழம் இரண்டு ஆள். சுற்றிலும் வெறும் தண்ணீர். துள்ளலுக்குப் பிறகு ஒரு சின்ன அலைகூட எழவில்லை.

துறையில் படகைக் கட்டிவிட்டுத் தம்பி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணி, நாம நினைக்கிறது சரியா? வர்றது பாப்பாதானா?" என்று கேட்டார். "நாளைக்கு நான் வரலை, எனக்கு முடியல," என்றார். கயிற்றைக் கொடுங்கள், எஞ்சின் பிடிக்க எனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்ட கேள்வி எனக்குள் இல்லாமல் இல்லை. ராத்திரியெல்லாம் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வேறு யாராக இருந்தாலும் என்னை ஒட்டி வந்து ஏன் உட்கார வேண்டும்? அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. யோசிக்கவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஐஸ் கம்பெனி முதலாளியிடம் படகு இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் இதைச் செய்தது தப்பென்றால் வந்து திட்டுங்கள். அவருக்குக் கோபம். "பேச்சு மாறலாமா? உங்க வீட்டுக்காரரையே கேட்டுக்கிறேன்," என்றார். உங்களுக்குப் போன் செய்வார். தயவுசெய்து எடுக்காதீர்கள், எடுத்தாலும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். வேறு படகு வாங்கிக்கொள்ளலாம் என்றும் எழுதாதீர்கள். அவளுக்குத் தெரிந்தது இந்தப் படகுதான். இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. பாதி வழியில் இருக்கும்போது படகைக் கடலுக்கு அனுப்பிவிட்டால், அந்த இருட்டுத் தண்ணீரில் எதைப் பிடித்துக்கொண்டு வருவாள்?

நீங்கள் வர வேண்டும். எப்படியாவது விடுமுறை கேளுங்கள். என் உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், பொய்யாக இருக்காது. நீங்கள் எஞ்சின் பக்கம் உட்காருங்கள், அன்றைக்குப்போல. நான் பலகையில் உட்கார்ந்துகொள்கிறேன். உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. என்றைக்கும் நான் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன்.

வரும்போது அங்கே நல்ல கடையில் குழந்தைகள் போடும் லைஃப் ஜாக்கெட் ஒன்று வாங்கி வாருங்கள். இங்கே கிடைப்பது இருபத்தைந்து கிலோவுக்கு மேல் தாங்காதாம். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த முறையும் தள்ளிப்போட வேண்டாம். நாற்பது கிலோ வரை தாங்குவதாகவே கேளுங்கள். வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
பாப்பாவின் அம்மா